எல்வேட் இதய பம்ப்: தோட்டத்து வீட்டுக்கு அனுப்பும் முன்னே கேட்கோணும்ங்கற கேள்விகள்

#1 · நொய்யல்கரை (எல்வேட் ஒருங்கிணைப்புச் செவிலியர், கோயம்புத்தூர்)

வணக்கமுங்க. கடைசிக் கட்ட இதயச் செயலிழப்புக்கு எல்வேட், அதாவது இதயத்துக்குத் துணையா ரத்தத்தைத் தள்ளற பம்ப் வைக்கலாம்னு பேச்செடுத்த உடனே நம்ம பக்கம் குடும்பத்தார் சொல்றது ஒண்ணேதான்: "அப்பாருகிட்ட ஒண்ணும் சொல்லீராதீங்க, வெசனப்பட்டுக்குவாரு." பைபாஸ், வால்வுன்னா இப்படி மறைச்சும் ஒப்பேத்தீருவாங்க. இதுல அது நடக்காதுங்க. வயித்துல இருந்து ஒரு கேபிள் வெளியே வருது. தோள்ல ரெண்டு பேட்டரி தொங்குது. விடியக்காலம் 4 மணிக்கு கன்ட்ரோலர் (அந்தக் கேபிள்ல மாட்டி பம்பை ஓட்டற பெட்டி) கத்துனா மகன் திருப்பூர்ல நைட் ஷிப்ட்ல இருப்பாரு, மருமக பால் கறக்கக் கட்டுத்தரைக்குப் போயிருப்பாங்க. முதல்ல போக வேண்டியது அப்பாரு கைதான். விவரம் தெரியாத கை எங்கே போகும்?

அதனால சேர்க்கும்போதே நோட்டுல எழுதோணும்: "பம்ப் வெச்சுட்டு ஊருக்குப் போயி என்ன செய்யோணும்னு இருக்கீங்க?" பதிலை அவரு வார்த்தையிலேயே எழுதுங்க. காட்டுக்குத் தண்ணி கட்டோணும், தைப்பூசத்துக்குப் பழனி நடக்கோணும், கிணத்துல நீந்தோணும், பேத்தி சீருக்கு நிக்கோணும். இதுல சிலது முடியும், சிலதுக்கு வழி பண்ணலாம், நீச்சல் எந்தக் காலத்துக்கும் முடியாது. அது ஆபரேஷனுக்கு முன்னமே அவருக்குத் தெரியோணும். நீந்த முடியாதுன்னா பம்பே வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா, அதுவும் கேட்டு மதிக்க வேண்டிய பதில்தானுங்க.

இந்த இழையில அவங்கவங்க துறையில இருந்து நடைமுறை விவரமா எழுதுங்க.

#2 · தையல்காரன் (இதய அறுவைப் பிரிவு உதவியாளர்)

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. இடது கீழறையின் நுனியில் பம்ப் உட்காருகிறது. அங்கிருந்து இரத்தத்தை இழுத்து ஒரு செயற்கைக் குழாய் வழியே மகாதமனிக்குத் தள்ளுகிறது. இப்போது வைக்கப்படுவது ஹார்ட்மேட் 3. சுழலி காந்தத்தால் அந்தரத்தில் நிற்பதால் உரசித் தேய பேரிங் கிடையாது. நிமிடத்துக்கு 3000 முதல் 9000 சுற்று வரை வைக்கலாம், பெரும்பாலானோருக்கு 5000–6000க்குள். ஹெச்வேட் என்ற வேறொரு பம்பின் விற்பனை 2021 ஜூனில் நிறுத்தப்பட்டது. முன்பே அதைப் பொருத்தியவர்களுக்கு கீழே வரும் பேட்டரி, கன்ட்ரோலர் விவரங்கள் பொருந்தாது. அந்த பம்ப் நின்றால் மறுபடி ஓடாமல் போகும் ஆபத்து உண்டு என்பதால் அவர்கள் தங்கள் மருத்துவமனை சொன்னபடிதான் நடக்க வேண்டும்.

கேபிள் வெளிவரும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படுக்க வைத்து வயிற்றைப் பார்த்து இடம் குறித்தால் தப்பாகப் போகும். முந்தின நாள் மாலையே அவர் வீட்டில் கட்டுகிற மாதிரி வேட்டி கட்டி உட்காரச் சொல்லுங்கள். குனியச் சொல்லுங்கள். வேட்டி முடிச்சு, பெல்ட், அரைஞாண் கயிறு எந்த மட்டத்தில் வருகிறதோ அதை மார்க்கரில் கோடு போடுங்கள். பெண்கள் என்றால் உள்பாவாடை நாடா இறுகும் வரி. உட்காரும்போது வயிறு மடியும் இடத்தையும் குறியுங்கள். இந்தக் கோடுகளைத் தவிர்த்துத்தான் துளை வர வேண்டும். நாடா தினம் 14 மணி நேரம் கேபிள் மேல் உரசினால் தோல் அங்கே ஒட்டவே ஒட்டாது. ஒட்டாத தோல் வழியே கிருமி உள்ளே போகும். எந்தக் கையால் வேலை செய்வார், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

#3 · சாளைக்கரண்டு (மருத்துவக் கருவிப் பொறியாளர், ஈரோடு)

வீட்டுக் கரண்டைப் பத்தி யாரும் பேசறதில்லைங்க. கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

தூங்கும்போது பேட்டரியில இருக்கக் கூடாது, சுவர் கரண்டுல ஓடற பவர் யூனிட்டுலதான் இருக்கோணும். அசந்து தூங்கறவரு பேட்டரி அலாரத்தைக் கேட்காம விட்டுருவாரு. அந்த யூனிட்டுக்கு எர்த் உள்ள மூணு பின் சாக்கெட் வேணும், சுவிட்ச் இல்லாத சாக்கெட்டா இருக்கோணும்ங்கறது தயாரிப்பாளர் விதி. நம்ம ஊர்ல சுவிட்ச் இல்லாத சாக்கெட் எங்கே இருக்குது? விளக்கை அணைக்கிறேன்னு பாட்டி தட்டுற சுவிட்ச் இதுவாப் போயிரும். அதனால எலக்ட்ரீஷியனைக் கூட்டி, மெயின்ல இருந்து தனி லைன் இழுத்து, தனி எம்.சி.பி. (தானா விழற பாதுகாப்பு சுவிட்ச்) போட்டு, சுவிட்சைத் தவிர்த்து நேரடிச் சாக்கெட் வெக்கச் சொல்லுங்க. அதுல வேற எதையும் சொருகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியும் ஆகாது.

அடுத்தது எர்த். நம்ம பக்கம் செம்மண்ணும் பாறையும். சித்திரை வெயில்ல எர்த் குழி காஞ்சு சுக்கா இருக்கும். மீட்டர் வெச்சு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவால பாருங்க. 3 வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த்தையும் நியூட்ரல் இணைப்பையும் சரி பண்ணாம ஆளை வீட்டுக்கு அனுப்பாதீங்க. தோட்டத்து வீடுன்னா கிணத்து மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப லைட் மங்குதான்னும் பாருங்க. அப்படி மங்குனா பவர் யூனிட்டும் கரண்டை இழந்து கத்தும்.

மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கு நிறுத்துனா சாயந்தரம் வரைக்கும் வராதுங்க. அறிவிப்பைப் பாத்து 8:30க்கே பேட்டரிக்கு மாறிக்கோணும். ஒரு ஜோடி பேட்டரி புதுசுல 17 மணி நேரம் வரைக்கும் தாங்கும். ஆனா கணக்குப் போடறப்ப 10–12ன்னே வைங்க. நாலு பேட்டரியையும் ஒரே சார்ஜர்ல வெச்சா நிரம்ப ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். பேட்டரிக்கு ஆயுசு 3 வருஷம் இல்லைன்னா 360 தடவை சார்ஜ், எது முன்னாடி வருதோ அது. 40 டிகிரிக்கு மேல சூடான இடத்துல பயன்படுத்தக் கூடாதுங்க. கரூர்லயும் ஈரோட்டுலயும் மே மாசம் தகரக் கூரைக்குக் கீழே, நிறுத்தின கார் டேஷ்போர்டு மேல வெச்சா அந்தச் சூடு சுளுவா வந்துரும்.

இன்வெர்ட்டரை நம்பி பம்பை ஓட்டாதீங்க. சார்ஜர், ஃபேன், லைட்டுக்கு சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தா நல்லது. பம்புக்குக் கரண்டு நின்னா பேட்டரிதான்.

#4 · பவானிக்கூடல் (பெர்ஃப்யூஷனிஸ்ட், இதய-நுரையீரல் இயந்திரம் இயக்குபவர்)

சாளைக்கரண்டு சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. கன்ட்ரோலருக்குள்ள ஒரு அவசர பேட்டரி இருக்குது. ரெண்டு பவர் கேபிளும் கழண்டுட்டாலும் 15 நிமிஷம் பம்ப் ஓடும். அது மாட்டறதுக்குக் கிடைச்ச அவகாசம், அவ்வளவுதான்.

பேட்டரி மாத்தறப்ப ஒரு நேரத்துல ஒண்ணு மட்டுமே. புது பேட்டரியோட பட்டனை அமுக்கி நாலு விளக்கும் எரியுதான்னு பாத்து மடியில வெச்சுக்குங்க. பழசு ஒண்ணை க்ளிப்புல இருந்து எடுங்க, கன்ட்ரோலர் கத்தும், கத்தட்டும். புதுசுல இருக்கற அம்புக்குறியை க்ளிப்போட அம்புக்குறிக்கு நேரா வெச்சு 'க்ளிக்'குனு கேக்கற வரைக்கும் தள்ளுங்க. லேசா இழுத்துப் பாருங்க. அலாரம் நின்ன பொறவுதான் அடுத்தது. பதட்டத்துல ரெண்டையும் ஒண்ணாக் கழட்டறதுதான் அடிக்கடி நடக்கற தப்பு.

கன்ட்ரோலரையே மாத்தறது வேற சங்கதி. போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் மாத்தோணும். உக்காந்தோ படுத்தோதான் செய்யோணும், ஏன்னா கேபிளைப் பிடுங்குன நொடியில பம்ப் நின்னுரும். இந்த பம்புக்குள்ள வால்வு கிடையாது, நின்னா மகாதமனி ரத்தம் குழாய் வழியா இதயத்துக்கே திரும்பும், தலை சுத்தும். அதனால புதுக் கன்ட்ரோலருக்கு முதல்ல கரண்டு கொடுத்து, பக்கத்துல வெச்சு, பூட்டைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் பழசுல இருந்து எடுக்கோணும். வெளியே எங்கே போனாலும், எதிர்த்த கடைக்கே போனாலும், மாற்றுக் கன்ட்ரோலரும் ஒரு ஜோடி பேட்டரியும் பையில இருக்கோணும்.

திரையில வர்ற ஃப்ளோவை (பம்ப் தள்ளற ரத்த அளவு) யாரும் அளக்கறதில்லை, அது கணக்குப் போட்டு வர்ற எண். சுழற்சி வேகம், மின்சக்தி, நாம உள்ளிட்ட ஹிமட்டோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு), இந்த மூணுல இருந்து வருது. குடல்ல ரத்தம் கசிஞ்சு ஹிமட்டோக்ரிட் இறங்கியிருக்கறப்ப பழைய எண்ணையே விட்டு வெச்சா ஃப்ளோ தப்பாக் காட்டும். நிமிஷத்துக்கு 2.5 லிட்டருக்குக் கீழே வந்தா அலாரம். வெயில் காலத்துல, வயித்தோட்டத்துல, ஃப்ளோவும் பல்ஸ் இண்டெக்ஸும் (இதயத் துடிப்பால ஃப்ளோ எவ்வளவு ஏறி இறங்குதுன்னு காட்டற எண்) சேர்ந்து இறங்குனா முதல் சந்தேகம் நீர் வத்தல்தான். கீழறை காலியாகி, சுவரையே பம்ப் உறிஞ்சும். வேகத்தைக் கூட்டுனா இன்னும் மோசமாகும்.

#5 · மஞ்சக்காடு (மருந்தாளுநர், பெருந்துறை)

பம்ப் இருக்கும் வரை ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டு. வார்ஃபரின் அல்லது நம் பக்கம் அதிகம் எழுதுகிற அசிட்ரோம். ரத்தம் உறைய எத்தனை தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையில் எண் 2.0 முதல் 3.0 வரை இருக்க வேண்டும். அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று தனித்தனிப் பட்டையாக வருகிறது. "அதே மாத்திரைதானுங்க" என்று கடைப்பையன் மாற்றிக் கொடுத்தால் டோஸ் இரட்டிப்பாகிவிடும். பழைய பட்டையைக் கையோடு கொண்டு போய்க் காட்டி வாங்குங்கள்.

கீரையே கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். அது வேண்டாத தண்டனை. பண்ணைக்கீரை, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடலாம், வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில். ஆடி மாதம் முளைத்துக் கிடக்கிறது என்று ஒரு வாரம் தினமும் கடைந்து சாப்பிட்டு, அடுத்த வாரம் தொடாமல் விட்டால்தான் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். கொள்ளுப் பருப்பு, அரிசிம்பருப்பு சாதம், ராகிக் களிக்குத் தடையில்லை. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு உப்புக்காக விலக்க வேண்டியவை.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால் காய்ச்சலுக்குப் போகும் ஊர் கிளினிக்கில். இடுப்பில் ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டும். போட வேண்டாம் என்று நோயாளியே வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் கூடாது. மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமாக்சசோல், ஃப்ளுகோனசோல் எழுதினால் ஐ.என்.ஆர். எகிறும்; மூன்று நான்கு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். பாராசிட்டமால் பரவாயில்லை, ஆனால் தினம் 2 கிராம் என்று பல நாள் போனால் அதுவும் ஏற்றும். நாட்டு மருந்துக் கஷாயம் குடிப்பவர் அதை ஒளிக்காமல் சொல்லும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்.

#6 · இதயவாசல் (இதயச் செயலிழப்பு மருத்துவர்)

@மஞ்சக்காடு, ஆஸ்பிரினைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். 2023இல் வெளியான ஏரிஸ் ஆய்வில் ஹார்ட்மேட் 3 வைத்த 628 பேரில் ஒரு பகுதியினருக்கு 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. இரு தரப்புக்கும் வார்ஃபரின் வகை மருந்து உண்டு. ஆஸ்பிரின் இல்லாதவர்களுக்கு ரத்தக் கசிவு 34 சதவீதம் குறைந்தது, உறைவு கூடவில்லை. அதற்காகத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் முதலான வேறு காரணத்துக்கு ஆஸ்பிரின் தேவைப்படுகிறவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது.

குடும்பத்துக்கு எண்களை எப்படிச் சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். 2001 ரீமேட்ச் ஆய்வில், பழைய பம்போடு ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 52 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்கள் 25. மொமென்டம் 3 ஆய்வில் ஹார்ட்மேட் 3 வைத்தவர்களில் 5 வருடம் தாண்டியவர்கள் 58 சதவீதம். "பம்ப் வைத்த 100 பேரில் 5 வருடம் கழித்து 58 பேர் இருந்தார்கள், 42 பேர் இல்லை." இரண்டு பாதியையும் ஒரே குரலில் சொல்லுங்கள். பக்கவாதம், குடல் ரத்தக்கசிவு, கேபிள் புண், வலப்பக்க இதயம் தளர்வது என்று அந்த வருடங்களுக்குள் என்னென்ன வரலாம் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். மாற்று இதயத்துக்குக் காத்திருப்பவர் என்றால் மாநில உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு நிற்கிறதா என்பதையும் பேச வேண்டும். "இதயம் கிடைக்கும்வரை" என்று வைத்த பம்பே கடைசிவரை ஆகிவிடுவதும் உண்டு.

#7 · கட்டுத்தரை (காயப் பராமரிப்புச் செவிலியர்)

ட்ரெஸ்ஸிங் பண்றப்ப ஃபேனை அமத்துங்க. இது எழுதித் தர்ற தாள்ல இருக்கறதில்லை. ஜன்னலையும் சாத்துங்க. விசைத்தறி வீடுன்னா பஞ்சுத் தூசி பறக்காத அறையா இருக்கோணும், கோழிப்பண்ணை ஆளுன்னா குளிச்சு மாத்துன துணியோட இருக்கோணும். செய்யறவரும் நோயாளியும் மாஸ்க் போடோணும். கையைக் கழுவிச் சாதாக் கையுறையோட பழசை எடுத்துட்டு, மறுபடி கழுவி ஸ்டெரைல் கையுறை. குளோர்ஹெக்சிடினைத் துளையில இருந்து வெளியே பாத்து வட்டமாத் தேயுங்க, தானா உலரட்டும். ஊதி உலர்த்தாதீங்க. உலராம மூடுனா தோல் வெந்துரும். கடைசியா கேபிளை வயித்துல ஒட்டற பிடியில மாட்டுங்க, துளைக்கும் பிடிக்கும் நடுவால கொஞ்சம் தளர்வு இருக்கோணும்.

மஞ்சத்தூள், வேப்பெண்ணெய், திருநீறு, நெபாசல்ஃப் பவுடர், எதுவும் போடக் கூடாதுங்க. பவுடர் கேபிளைச் சுத்திக் கட்டியாகி அழுக்கைப் பிடிக்கும். கிருமி வர்றதுக்கு முதல் காரணம் பெரும்பாலும் இழுப்புதான்: கட்டில்ல இருந்து கன்ட்ரோலர் கீழே விழறது, கதவுக் கைப்பிடியில கேபிள் மாட்டறது, பேரன் மடியில ஏறறது, கறக்கற மாடு உதைக்கறது. இழுபட்ட அன்னைக்கே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. சிவப்பு, நீர்க்கசிவு, வாடை, புது வலின்னா அடுத்த மாசச் செக்கப் வரைக்கும் பொறுக்கக் கூடாது.

குளியல்: புண் நல்லா ஒட்டி, மருத்துவமனை சரின்ன பொறவு, அதுக்குன்னு தர்ற பையில கன்ட்ரோலரையும் பேட்டரியையும் போட்டுட்டு ஷவர்ல நிக்கலாம். நம்ம வீடுகள்ல சொம்புல மொண்டு ஊத்தறதுதான் வழக்கம். ஸ்டூல்ல உக்காந்து, இடுப்புக்குக் கீழே சொம்புல ஊத்தி, மேலே ஈரத்துணியில துடைச்சுக்கிட்டா போதும். தொட்டி, கிணறு, வாய்க்கால், பவானி ஆறு எதுலயும் இறங்கக் கூடாது.

#8 · படியேற்றம் (பிசியோதெரபிஸ்ட், பொள்ளாச்சி)

பழனி நடைக்கு வருகிறேன். நாடித் துடிப்பை வைத்துப் பயிற்சி அளவை நிர்ணயிக்க முடியாது, ஏனென்றால் பலருக்குக் கையில் நாடியே தட்டாது. எத்தனை சிரமம் என்று 6 முதல் 20 வரை அவரே சொல்லும் போர்க் அளவில் 11–13க்குள் நிறுத்துங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். நெஞ்செலும்பு கூடும்வரை, முதல் 8 முதல் 12 வாரம், 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. அதற்குப் பிறகு தண்ணி கட்டும் வேலையில் மடை திறப்பது, நடப்பது சரி. மம்பட்டியை ஓங்கிப் போடுவது இல்லை.

தாராபுரத்திலிருந்து பழனி ஏறக்குறைய 35 கிலோமீட்டர். முழுதும் நடப்பது தைப்பூசக் கூட்டத்தில் சரிவராது. நெரிசலில் கேபிள் இழுபட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கூட்டம் இல்லாத நாளில், காலை 6 மணிக்குக் கடைசி 2 கிலோமீட்டர் மட்டும் நடந்து, மலைக்கு இழுவை ரயிலில் ஏறினால் வேண்டுதல் நிறைவேறும். கூடவே ஒரு கார், அதில் இரண்டு ஜோடி பேட்டரி, மாற்றுக் கன்ட்ரோலர். மொட்டை போடலாம், சவரக்கத்தி கீறினால் ரத்தம் நிற்க நேரமாகும், அதனால் மெஷினில் எடுக்கச் சொல்லுங்கள். உடம்பெல்லாம் ஒத்துக்கொண்டால் இதற்கு வழி செய்து கொடுப்பதும் நம் சிகிச்சையில் சேர்த்திதான் என்பது என் எண்ணம்.

#9 · நூத்திஎட்டு (அவசர மருத்துவ உதவியாளர்)

ஆம்புலன்ஸ் ஆட்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும்: நாடி இல்லை, பி.பி. மெஷின் எரர் காட்டுது, விரல் மீட்டர் எண் வரலைன்னு ஆள் போயிட்டாருன்னு முடிவு கட்டாதீங்க. பம்ப் வெச்சவங்களுக்கு இது மூணும் சாதாரணமாவே வரும். முகம் சூடா, நிறமா இருக்குதா, மூச்சு விடறாரா, கூப்பிட்டா திரும்பறாரான்னு பாருங்க. ஸ்டெதஸ்கோப்பை இடது மார்புக்குக் கீழே வைங்க, 'ம்ம்ம்'னு தொடர்ந்து ஒரு இரைச்சல் கேக்கோணும். ஹார்ட்மேட் 3 ரெண்டு நொடிக்கு ஒருக்கா வேகத்தை மாத்தும், அந்த ஏத்த இறக்கமும் கேக்கும். அதை நின்னு நின்னு ஓடுதுன்னு நினைச்சுக்காதீங்க.

இரைச்சல் இல்லைன்னா கேபிள், கரண்டு, கன்ட்ரோலர். மாட்டியும் ஓடலை, ஆளும் மயக்கம், ரத்த ஓட்டமும் இல்லைன்னா நெஞ்சமுக்கம் செய்யலாம். கூடவே கூடாதுங்கறது பழைய எச்சரிக்கை. பம்ப் ஓடறப்பவே ஷாக் கொடுக்கலாம், எதையும் கழட்ட வேண்டியதில்லை.

பி.பி.க்கு கையடக்க டாப்ளர் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாக் காட்டற கருவி) வேணும். நிலையத்துல கர்ப்பிணிங்களுக்கு வெச்சிருக்கறது 2–3 மெகாஹெர்ட்ஸ், வயித்து ஆழத்துக்கானது. கை தமனிக்கு 8 மெகாஹெர்ட்ஸ் முனை தனியாக் கேட்டு வாங்குங்க. கஃப்பை ஊதி மெதுவா இறக்கறப்ப முதல் சத்தம் கேக்கற எண்ணைத்தான் சராசரி அழுத்தமா எடுத்துக்கறோம். 70 முதல் 85 வரைக்கும் நல்லது. 90 தாண்டியே நின்னா பக்கவாதத்துக்கு வழி.

#10 · நிழல்மரம் (வலி நிவாரணப் பராமரிப்பு மருத்துவர்)

பம்பை நிறுத்துவது பற்றி ஆபரேஷனுக்கு முன்பே பேச வேண்டும். "எந்த நிலை வந்தால் இது போதும் என்று நினைப்பீர்கள்?" பெரும் பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சற்றுக் கிடக்கும்போது பிள்ளைகளிடம் கேட்டால் மூத்தவர் ஒன்று சொல்வார், இளையவர் ஒன்று சொல்வார், அந்தப் பாரம் ஆயுசுக்கும் அவர்கள் மேல் நிற்கும். முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையைச் சுலபமாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து போதும்.

நிறுத்தும் நாளில் வரிசை முக்கியம். முதலில் மூச்சுத்திணறலுக்கும் பதட்டத்துக்கும் மருந்து. அது வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே மற்றது. ஐ.சி.டி. (துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்க நெஞ்சில் பொருத்தும் கருவி) இருந்தால் அதன் ஷாக்கை அணைக்க வேண்டும். கன்ட்ரோலர் அலாரத்தை எப்படி அடக்குவது என்று தெரிந்த ஒருவர் அருகில் நிற்க வேண்டும், கடைசி நிமிடங்களில் குடும்பம் கேட்பது அந்தக் கூச்சலாக இருக்கக் கூடாது.

#11 · இதயவாசல்

@நிழல்மரம், இதை முன்பே பேசினால் பயந்துபோய் பம்பே வேண்டாம் என்பார்களே என்ற தயக்கம் எனக்கு உண்டு. முதல் சந்திப்பில் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்பதையும், இரண்டாவதில் இதையும் வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம்.

#12 · நிழல்மரம்

ஒப்புக்கொள்கிறேன், இரண்டாவது சந்திப்பு ஆபரேஷனுக்கு முன்பே நடந்தால் சரி. அதில் நோயாளியும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

#13 · நொய்யல்கரை

அனுப்பற நாளுக்கு முன்னே நாங்க வெக்கற பரீட்சை இதுதானுங்க: நோயாளியும் வீட்டாள் ரெண்டு பேரும் தனித்தனியா, யாரும் சொல்லித் தராம, விளக்கை அணைச்சு டார்ச் வெளிச்சத்துல பேட்டரி மாத்தோணும். பயிற்சிக் கன்ட்ரோலரை மாத்திக் காட்டோணும். கண்ணாடி போடறவரு கண்ணாடி இல்லாமலும் ஒருக்கா செய்யோணும், ராத்திரி அதைத் தேட நேரம் இருக்காது. தினம் காலையில பாத்ரூம் போயிட்டு வந்து எடை பாத்து எழுதோணும். ஒரே நாள்ல 1.5 கிலோவோ வாரத்துல 2 கிலோவுக்கு மேலயோ ஏறுனா, கால் வீங்குனா, மலம் கறுப்பாப் போனா, உடனே போன். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு அலாரப் படத்தை அச்செடுத்துக் கொடுங்க: சிவப்பு இதயம்னா உடனே போன், மஞ்சள் வைரம்னா பேட்டரியைப் பாரு.

#14 · வெள்ளோடு (புது உறுப்பினர்)

ஒரு சந்தேகமுங்க. காலமான பொறவு எரிக்கறதுக்கு முன்னால எதைக் கழட்டோணும்?

#15 · சாளைக்கரண்டு

கன்ட்ரோலர், பேட்டரி, க்ளிப் எல்லாத்தையும் எடுத்துருங்க. கன்ட்ரோலருக்குள்ளேயும் லித்தியம் பேட்டரி இருக்குதுங்க, சூட்டுல வெடிக்கும். கேபிளைத் தோலோட மட்டத்துல வெட்டிட்டு மூடிக் கட்டலாம். ஐ.சி.டி. இருந்தா அதை ஆஸ்பத்திரியிலயே எடுக்கச் சொல்லிக் கேளுங்க. நெஞ்சுக்குள்ள இருக்கற பம்புக்குள்ள பேட்டரி கிடையாது.

எடுத்த பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில போடாதீங்க. மருத்துவமனைக்கே திருப்பிக் கொடுங்க.